மொட்டைக் கடிதம் வந்தால் என்ன செய்வது? நான்கு வழிகள், ஒரு தேர்வு

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் மொட்டைக் கடிதம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கையெழுத்து இருக்காது, தேதி இருக்காது. ஆனால் யார் யாரோடு எந்த ஊர் லாட்ஜில் தங்கினார் என்ற விவரம் மட்டும் சுத்தமாக இருக்கும். பெரும்பாலானவை பொறாமையில் எழுதியவை. கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். அந்தக் கடிதம் ஒரு போர்த்துறை அமைச்சரைப் பற்றியோ உளவு அமைப்பின் தலைவரைப் பற்றியோ வரும்போதுதான் சிக்கல். கிழிக்கவும் முடியாது, ஊருக்குப் படித்துக் காட்டவும் முடியாது.

அப்படி ஒன்று பிரதமரின் மேசைக்கு வந்தால் அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. ‘அது அவர் சொந்த விஷயம்’ என்று விட்டுவிடலாம். அன்றைக்கே ராஜினாமா வாங்கலாம். சத்தமில்லாமல் வேறு நாற்காலிக்கு மாற்றலாம். நான்காவது வழிக்குக் கொஞ்சம் முன்யோசனை வேண்டும்: ‘இப்படி ஏதாவது இருந்தால் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள், சொன்னதற்காக வேலை போகாது’ என்ற விதியைக் கடிதம் வருவதற்கு முன்பே வைத்திருக்க வேண்டும். உலகத்தில் நான்கையும் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஒழுக்கத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. அவர் குடும்பத்துக்குச் செய்தது துரோகமா இல்லையா என்பதை அந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளட்டும். நாட்டுக்கு என்ன ஆபத்து என்பது தனிக் கேள்வி. மிரட்டுகிறவன் கையில் இருக்கும் மூலதனம், படமோ கடிதமோ அல்ல. ‘ஆபீசுக்குத் தெரிந்தால் தொலைந்தோம்’ என்று அந்த அதிகாரி நடுங்குகிறாரே, அந்த நடுக்கம்தான் மூலதனம். அதற்கு விலை நிர்ணயிப்பது மிரட்டுகிறவனும் அல்ல, அலுவலகத்தின் விதி. நான்கு வழிகளையும் இந்த ஒரு தராசில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

முதலில் அந்த நடுக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். 1950களின் நடுவில் மாஸ்கோவிலிருந்த பிரிட்டிஷ் தூதரகத்தில் ஜான் வாஸல் என்று ஓர் எழுத்தர் இருந்தார். கடற்படைப் பிரதிநிதியின் அலுவலகத்தில் வேலை. ஒரு விருந்துக்குக் கூட்டிப்போய், குடிக்க வைத்து, ஆண்களோடு இருந்த நிலையில் படம் எடுத்தார்கள். அப்புறம் ஒருநாள் படங்களை அவர் முன்னால் பரப்பினார்கள். தன்பாலின உறவு அன்றைய பிரிட்டனில் சிறைக்கு அனுப்பும் குற்றம். இங்கிலாந்தில் அந்தச் சட்டம் தளர்ந்ததே 1967இல்தான். தூதரிடம் ஓடிப்போய்ச் சொன்னால் வேலையும் போகும், வழக்கும் வரும். சோவியத்காரர்களுக்குத் தலையாட்டினால் இரண்டும் வராது. வாஸல் தலையாட்டினார். ஊர் திரும்பிக் கடற்படைத் தலைமையகத்தில் வேலை பார்த்த காலத்திலும் 1962இல் பிடிபடும் வரை ஆவணங்களைப் படமெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். 18 ஆண்டு சிறைத் தண்டனை. அந்த வலையை விரித்தவர்கள் ரஷ்யர்கள், சரி. அதற்குக் கயிறு திரித்துக் கொடுத்தது பிரிட்டிஷ் சட்டம்.

நம் ஊருக்கும் இது அந்நியக் கதை இல்லை. இலங்கைப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த 1987இல், சென்னையில் இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவின் பொறுப்பிலிருந்த அதிகாரி ஒருவர், அமெரிக்க உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்தார் என்று கைதானார். ஒரு பெண்ணோடு இருந்த படங்களைக் காட்டித்தான் அவரை மடக்கினார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. ஈழ இயக்கங்களின் முகாம், ஆயுதம், பேச்சுவார்த்தை எல்லாம் அந்த மேசையைக் கடந்து போன காலம் அது.

‘அவர் சொந்த விஷயம்’

முதல் வழிக்கு ஒரு கண்ணியம் இருக்கிறது. அடுத்தவர் படுக்கையறையை எட்டிப் பார்க்காத அரசாங்கம் என்று பெயர் வாங்கலாம். 2008இல் கனடாவின் வெளியுறவு அமைச்சர் மாக்சிம் பெர்னியே பற்றிக் கேள்வி கிளம்பியபோது பிரதமர் ஹார்ப்பர் அப்படித்தான் சொன்னார். அமைச்சரின் முன்னாள் காதலிக்கு மோட்டார் சைக்கிள் கும்பல்களோடு பழைய தொடர்பு இருந்தது என்பதுதான் கேள்வி. அதெல்லாம் தனிப்பட்ட விஷயம் என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் நேட்டோ மாநாட்டுக்கான ரகசியக் காகிதங்களை அமைச்சர் அந்தப் பெண்ணின் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் என்பது தெரிந்தது. வாரக்கணக்காக அங்கே கிடந்திருக்கின்றன. மே மாதம் பதவி போயிற்று.

ஆனால் இந்த வழியின் முழு விலையைப் பார்க்க வேண்டும் என்றால் 1963 லண்டனுக்குத்தான் போக வேண்டும். கதை பலருக்குத் தெரியும். போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ 1961 ஜூலையில் கிளிவ்டன் மாளிகை நீச்சல் குளத்தருகே கிறிஸ்டின் கீலர் என்ற 19 வயதுப் பெண்ணைச் சந்திக்கிறார், உறவு தொடங்குகிறது. அதே வார இறுதியில் அங்கே சோவியத் தூதரகத்தின் கடற்படைத் துணைப் பிரதிநிதி யெவ்கேனி இவானவும் இருந்தார். ராணுவ உளவுக்காரர். இருவரையும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த கண்ணி, ஸ்டீஃபன் வார்ட் என்ற எலும்பு வைத்தியர்.

பலர் கவனிக்காத ஒரு முன்கதை உண்டு. வாஸல் வழக்கு வெடித்தபோது, அவர் ஒரு காலத்தில் உதவியாளராக இருந்த இளநிலை அமைச்சர் கால்பிரைத் அவருக்கு எழுதிய சில கடிதங்கள் வெளியே வந்தன. அலுவலகத்துக்குத் தரைவிரிப்பு, பீங்கான் பாத்திரம் வாங்குவது போன்ற சமாசாரங்கள்தான். ஆனாலும் ஊர் கண் சிமிட்டியது. பிரதமர் மாக்மில்லன் கால்பிரைத்தின் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டார். விசாரணையில் அந்த மனிதர்மேல் ஒரு தவறும் இல்லை என்று ஆனது. வதந்திக்கு ஒரு நல்ல ஆளைப் பலி கொடுத்துவிட்டோமே என்ற உறுத்தல் மாக்மில்லனுக்கு இருந்தது. அதனால் அடுத்த ஆள்மேல் பேச்சு எழுந்தபோது எதிர்த்திசையில் சாய்ந்துவிட்டார். ஒருமுறை சூடுபட்ட பூனை பச்சைப் பாலையும் தொடாது என்பார்களே, அந்தக் கதைதான்.

1963 மார்ச் 21 இரவு. வாஸல் விவகாரத்தில் தங்களுக்குச் செய்தி கொடுத்தவர் யார் என்று சொல்ல மறுத்துச் சிறைக்குப் போன இரண்டு பத்திரிகையாளர்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் விவாதம். நடுவில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் விக் எழுந்து, ஓர் அமைச்சரைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறதே, அரசு மறுக்குமா என்று கேட்டார். பெயர் சொல்லவில்லை. தூக்க மாத்திரை போட்டுப் படுத்திருந்த புரொஃப்யூமோவை நள்ளிரவுக்கு மேல் எழுப்பிக் கூட்டி வந்தார்கள். விடிவதற்குள் ஐந்து அமைச்சர்கள் அவரை உட்காரவைத்து ஓர் அறிக்கையைத் தட்டச்சு செய்தார்கள். காலை 11 மணிக்கு, பக்கத்தில் பிரதமர் உட்கார்ந்திருக்க, கீலருடனான பழக்கத்தில் தகாதது எதுவும் இல்லை என்று அவர் சபையில் படித்தார். பிற்பகல் குதிரைப் பந்தயம் பார்க்கப் போய்விட்டார், ராஜமாதாவோடு.

அந்த ஐந்து பேரும் கெட்டிக்காரர்கள். அதில் இரண்டு பேர் அரசின் தலைமைச் சட்ட அதிகாரிகள். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: ‘உறவு இருந்ததா இல்லையா?’ அவர் இல்லை என்றார், நம்பினார்கள். பின்னால் விசாரித்த டென்னிங் பிரபு இதைத்தான் பிடித்தார். அவர் நடந்துகொண்ட விதம், சாதாரண மனிதன் ஒருவன் நியாயமாகவே சந்தேகப்படும்படி இருந்ததா என்று கேட்டிருக்க வேண்டும் என்றார். ஒருவரின் கௌரவத்தை நம்பி முடிவெடுத்தால், அவர் பொய் சொல்லும் நாளில் உங்கள் கௌரவமும் சேர்ந்து போகும். ஜூன் தொடக்கத்தில் புரொஃப்யூமோ உண்மையை ஒப்புக்கொண்டு விலகினார். அக்டோபரில் மாக்மில்லனும் போனார். உடல்நலம் காரணமாகச் சொல்லப்பட்டது என்றாலும் அரசு அதற்கு முன்பே ஆடிப்போயிருந்தது.

இதில் வேடிக்கை, ரகசியம் எதுவும் ரஷ்யர்களுக்குப் போகவில்லை என்பதுதான் டென்னிங் கண்டது. அடி வாங்கியவர்கள் வேறு ஆட்கள். வார்ட் வழக்கின் நடுவில் தூக்க மாத்திரை விழுங்கி இறந்தார். கீலர் வேறொரு வழக்கில் பொய்ச் சாட்சி சொன்னதாகச் சிறைக்குப் போனார். அமைச்சர் கிழக்கு லண்டனில் சமூக சேவை செய்து 1975இல் அரச விருது வாங்கினார்.

‘இன்றைக்கே கிளம்புங்கள்’

இரண்டாவது வழி பார்ப்பதற்குச் சுத்தமானது. 2012 நவம்பர் 9 அன்று அமெரிக்க சிஐஏ இயக்குநர் டேவிட் பெட்ரேயஸ், திருமணத்துக்கு வெளியே உறவு வைத்திருந்ததாக அவரே சொல்லி விலகினார். அவரைப் பற்றி வாழ்க்கை வரலாறு எழுதிய பவுலா பிராட்வெலோடு பழக்கம். வெளியே வந்ததே ஒருவகை மொட்டைக் கடிதத்தால்தான்: பிராட்வெல் இன்னொரு பெண்ணுக்குப் பெயரில்லாமல் அனுப்பிய மிரட்டல் மின்னஞ்சல்களை எஃப்பிஐ துருவ, நூல் சிஐஏ இயக்குநரிடம் போய் முடிந்தது. இருவரும் ஒரே ஜிமெயில் கணக்கை வைத்துக்கொண்டு, கடிதத்தை அனுப்பாமல் டிராஃப்டிலேயே விட்டுவிட்டு, மற்றவர் திறந்து படிக்கும் தந்திரத்தைச் செய்திருக்கிறார்கள். உலகத்தின் பெரிய உளவு அமைப்பின் தலைவர்!

தேசிய உளவுத்துறை இயக்குநர் கிளாப்பர் விலகச் சொன்னார், அவர் விலகினார், அதிபர் ஏற்றுக்கொண்டார். நாலைந்து நாளில் முடிந்தது. பத்திரிகைகள் உறவைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதின. ஆனால் உண்மையான ஆபத்து அவர் வீட்டு மேசையின் பூட்டாத இழுப்பறையில் கிடந்தது. எட்டு நோட்டுப் புத்தகங்கள், கறுப்பு அட்டை போட்டவை. ஆப்கானிஸ்தானில் தளபதியாக இருந்தபோது கைப்பட எழுதியவை: மறைமுகமாகப் பணியாற்றியவர்களின் அடையாளம், போர்த் திட்டம், அதிபரோடு பேசியது எல்லாம் அதில் இருந்தன. 2011 ஆகஸ்டில் சில நாட்களுக்கு அவற்றை பிராட்வெலிடம் கொடுத்துவைத்திருந்தார். ரகசியம் எதையும் கொடுக்கவில்லை என்று எஃப்பிஐயிடம் சொன்னது பொய். 2013 ஏப்ரலில் சோதனை போட்டபோதுதான் நோட்டுகள் கிடைத்தன. அதாவது, பதவி விலகி ஐந்து மாதம் அவை அங்கேயே இருந்திருக்கின்றன. 2015இல் இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1 லட்சம் டாலர் அபராதமும் விதித்தார்கள்.

ராஜினாமா வாங்குவதில் எனக்கிருக்கும் குறை இதுதான். தண்டனை கொடுத்த திருப்தியில் கேள்வி கேட்பது நின்றுவிடுகிறது. காதலுக்குப் பதவி பறிபோயிற்று என்று ஊர் பேசிக்கொண்டிருக்கும்போது காகிதம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது: அடுத்த அறையில் இதே போன்ற ரகசியத்தோடு இருக்கும் அதிகாரி இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்? வாயை மூடிக்கொள்ளத்தான்.

மூன்றாவது வழி, சத்தமில்லாத இடமாற்றம், அதிகம் பேசத் தக்கதல்ல. நம் ஊரில் மிகவும் பிரியமான வழி அதுதான் என்பது வேறு விஷயம். கடற்படைப் பிரிவில் இருந்தவரை மீன்வளத்துக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்கிறோம். மண்டைக்குள் இருக்கும் ரகசியம் அவரோடே போகிறது, பயமும் போகிறது, கூடவே மனக்கசப்பும் சேர்கிறது. உளவுக்காரன் தேடுவது இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பதைத்தான். புது அலுவலகத்துக்கு ஏன் வந்தார் என்று தெரியாது. பழைய அலுவலகம் கோப்பை மூடிவிட்டது.

‘வந்து சொல்லுங்கள்’

நான்காவது வழி நல்லெண்ணத்தில் பிறந்தது கிடையாது, தோல்வியில் பிறந்தது. 1953இல் ஐசனோவர் 10450ஆம் எண் ஆணையை வெளியிட்டார். அதன்படி ‘பாலியல் முறைகேடு’ இருந்தாலே அமெரிக்க அரசு வேலைக்குத் தகுதியில்லை. தன்பாலின உறவுக்காரர்களை மிரட்ட முடியும், அதனால் வெளியேற்றுவோம் என்பது வாதம். வேலை போகும் என்று சட்டம் போட்டதாலேயே அவர்களை மிரட்ட முடிந்தது என்பதை ஒத்துக்கொள்ள நாற்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1995இல் கிளிண்டனின் ஆணை அதை மாற்றியது. ரகசியக் கோப்புகளைப் பார்க்க அனுமதி கொடுக்கும் இன்றைய அமெரிக்க விதிகள் கேட்பது வேறு: இந்த நடத்தையை வைத்து உங்களை யாராவது வளைக்க முடியுமா? வளைக்க முடியாதபடி மேலிடத்துக்கும் வீட்டுக்கும் தெரிந்திருந்தால், அது உங்களுக்குச் சாதகமான அம்சம்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? மாஸ்கோவுக்கே திரும்புவோம். 1968இல் அதே பிரிட்டிஷ் தூதரகத்தில், தூதர் ஜெஃப்ரி ஹாரிசன் தன் வீட்டு ரஷ்யப் பணிப்பெண்ணோடு உறவு வைத்து, சோவியத் உளவு அமைப்பான கேஜிபியின் வலையில் விழுந்தார். மிரட்டல் வந்ததும் அவரே லண்டனுக்குச் சொல்லிவிட்டார். உடனே ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். உத்தியோக வாழ்க்கை அத்தோடு முடிந்தது, ரகசியம் போகவில்லை. எழுத்தர் வாஸலுக்கும் தூதர் ஹாரிசனுக்கும் விழுந்தது ஒரே ஊர், ஒரே வலை. ஒருவருக்குச் சொல்லிவிட்டால் அவமானத்தோடு போகும், இன்னொருவருக்குச் சிறை. தூதருக்கு எழுத்தரைவிட நெஞ்சுரம் அதிகம் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குச் சொல்வதற்கான விலை மலிவாக இருந்தது.

குறையில்லாத வழியும் அல்ல. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோசப் ஆல்சாப்பை 1957இல் இதே மாஸ்கோவில் ஓர் ஆணோடு சிக்கவைத்தார்கள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. தன் நாட்டுத் தூதரகத்தில் சொல்லி, சிஐஏவுக்கு எல்லாவற்றையும் எழுதியும் கொடுத்தார். செய்ய வேண்டியதை எல்லாம் சரியாகச் செய்த மனிதர். ஆனால் அந்தக் காகிதம் எஃப்பிஐயின் தலைவர் ஹூவருக்குப் போய், அங்கிருந்து வாஷிங்டன் பெரிய மனிதர்களிடையே காதோடு காதாகப் பரவியது. ரஷ்யர்கள் செய்யாததைச் சொந்த ஊர்க்காரர்கள் பாதி செய்துவிட்டார்கள். 2015இல் இன்னும் பெரிய அடி: அமெரிக்க அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகக் கணினிகளுக்குள் புகுந்து 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள், சீனாவின் வேலை என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னார்கள். ரகசிய அனுமதிக்காக மக்கள் நம்பி எழுதிக் கொடுத்த கடன், குடி, மனநலச் சிகிச்சை எல்லாம் அதில் அடக்கம். பாவமன்னிப்புக் கூண்டின் பின்சுவர் திறந்து கிடந்த மாதிரி.

இந்தியாவில் என்ன நிலை? மத்திய அரசு ஊழியருக்கு 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகள். ‘அரசு ஊழியருக்குப் பொருந்தாத’ காரியம் செய்யக்கூடாது என்ற மூன்றாவது விதிக்குள் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம். 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணஉறவு மீறலைக் குற்றமாக்கிய 497ஆவது பிரிவை ரத்து செய்தது. ராணுவம் அப்படியே விட்டுவிடவில்லை. அதற்காகத் தன் சட்டப்படி நடவடிக்கை எடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஒழுங்குக்கு அது தேவை என்று தளபதிகள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். ஆனால், விதி இப்படி இருக்கும்வரை, செல்போனில் யாரோ ஒரு பெண் பெயரில் வந்த வீடியோ அழைப்பில் மாட்டிக்கொண்ட மேஜர், மறுநாள் காலை மேலதிகாரி கதவைத் தட்ட மாட்டார். இப்போதெல்லாம் வலைக்கு மாஸ்கோ விருந்து தேவையில்லை, ஒரு வாட்ஸப் எண் போதும்.

என் தேர்வு நான்காவது வழிதான், சில கெடுபிடிகளோடு. சொன்னவருக்கு வேலை போகக்கூடாது. ஆனால் விவகாரம் தெளியும்வரை ரகசியக் கோப்புகளைத் தொடக்கூடாது, சாவியை அன்றே வாங்கிவிட வேண்டும். கேட்டபோது பொய் சொன்னால், செய்த காரியத்துக்கு உள்ளதைவிடப் பொய்க்குப் பெரிய தண்டனை. சொன்னது பதிவாகும் காகிதம் மூன்று பேருக்கு மேல் போகக்கூடாது, கணினியில் ஏறவே கூடாது. அதோடு, உறவைப் பற்றி ஒரு மணி நேரம் கேட்டால் காகிதங்களைப் பற்றி மூன்று மணி நேரம் கேட்க வேண்டும்: எங்கே வைத்திருக்கிறீர்கள், யார் கையில் கொடுத்தீர்கள், வீட்டில் என்ன இருக்கிறது?

ஒரு விதிவிலக்கு. எதிர்ப்பக்கம் இருப்பவர் அந்த அதிகாரிக்குக் கீழே வேலை பார்க்கும் பெண்ணோ ஆணோ என்றால் இந்தச் சலுகை எதுவும் கிடையாது. அங்கே ‘அந்தரங்கம்’ என்ற வார்த்தையே பொருந்தாது. பதவியை வைத்து வளைத்தவர் ‘நானே வந்து சொல்லிவிட்டேன்’ என்று தப்பிக்கக் கூடாது. அவருக்கு இரண்டாவது வழி.

இந்த நான்காவது வழி 1961 பிரிட்டனில் எழுதிவைக்கப்படவில்லை என்றாலும், ஒரு தடவை கதவு அரைகுறையாகத் திறந்தது. ஆகஸ்ட் 9 அன்று அமைச்சரவைச் செயலாளர் நார்மன் புரூக், புரொஃப்யூமோவைக் கூப்பிட்டுப் பேசினார். இவானவ் வந்துபோகும் இடம், வார்டோடு பழகுவதில் கவனமாக இருங்கள் என்றார். இவானவைத் தம் பக்கம் இழுக்க முடியுமா என்று பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையினர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததால், அமைச்சர் அதற்கு உதவுவாரா என்றும் தூண்டில் போட்டுப் பார்த்தார். அமைச்சர் மறுத்துவிட்டார். கீலர் என்று ஒரு பெண் இருப்பது புரூக்குக்குத் தெரியாது. புரொஃப்யூமோவோ, இவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நாகரிகமாக ஜாடை காட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். இருவரும் மரியாதையாகக் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். ஒருவர் கேட்கவில்லை, மற்றவர் சொல்லவில்லை, பிரதமருக்கு யாரும் எதையும் தெரிவிக்கவில்லை. அன்றைக்கே தன் அறைக்குப் போன அமைச்சர், மறுநாள் சந்திக்க முடியாது என்று கீலருக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘அன்பே’ என்று ஆரம்பித்து. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு அந்தக் கடிதம்தான் பத்திரிகை அலுவலகத்துக்கு விலைக்கு வந்தது.